பன்றியிறைச்சி வாணிகமும் பிறநாட்டார் உடைமையும்

வாணிக வரலாற்றை ஆராயப் புகுவோர் பொன், பட்டு, வாசனைத் திரவியம் முதலிய அரும்பண்டங்களின் போக்குவரவையே பெரிதும் நோக்குவர். ஆயின் மக்கள் நாள்தோறும் நுகரும் எளிய பண்டங்களும் அரசுகளைப் பலமுறை அசைத்திருக்கின்றன. உப்பும், தேயிலையும், சீனியும் அத்தகையன. பன்றியிறைச்சியும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கதே. ஊனுணவை விலக்கியோர்க்கு அப்பண்டம் உவப்பற்றதாயினும், பொருளியல் பயில்வோர் அதனை விலக்கிச் செல்லுதல் இயலாது. சுங்கத் தீர்வை, கால்நடை நோய், அயல்நாட்டு முதலீடு, கமக்காரரின் கடன், தொழிலாளரின் கூலி ஆகிய யாவும் அவ்வொரு பண்டத்திலே வந்து கூடுகின்றன.

2013 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மிகப் பெரிய பன்றியிறைச்சிக் கம்பனியைச் சீனக் கம்பனியொன்று விலைக்கு வாங்கியது. அமெரிக்க மக்கள் மன்றங்களில் அதுபற்றி எழுந்த அச்சங்கள் பல. அவற்றுட் சில பொய்த்தன. சில ஓரளவு மெய்த்தன. எவரும் பெரிதாக அஞ்சாத வேறு சில துன்பங்கள் முன்பே அங்கு வேரூன்றியிருந்தன. தொழிலொன்றின் உடைமை பிறநாட்டார் கைக்கு மாறும்போது உண்மையில் மாறுவது யாது, மாறாதது யாது என்னும் வினாவுக்கு அந்நிகழ்ச்சி நல்லதோர் எடுத்துக்காட்டாகும். அதனைத் தெளிவுற உணர்வதற்கு அதற்கு முற்பட்ட சில வழக்குகளையும் நோக்குதல் வேண்டும்.

நோயும் தீர்வையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியிலே சோளம் பெருக விளைந்தது. அச்சோளத்தை உண்டு கொழுத்த பன்றிகள் சிக்காக்கோ, சின்சினாற்றி முதலிய நகரங்களில் வெட்டப்பட்டு, உப்பிடப்பெற்று, நீராவிக் கப்பல்களில் ஐரோப்பாவுக்குச் சென்றன. மலிவான அவ்விறைச்சி ஐரோப்பியத் தொழிலாளருக்கு உதவியாயிற்று. ஐரோப்பியக் கமக்காரருக்கோ இடையூறாயிற்று.

அக்காலத்தில் பன்றித் தசையில் உறையும் திரிக்கினெல்லா என்னும் நுண்புழு பற்றிய அறிவு பரவியிருந்தது. நன்கு வேகாத இறைச்சியை உண்பார்க்கு அப்புழுவால் கொடிய நோய் உண்டாகும். 1860 ஆம் ஆண்டளவில் ஜேர்மன் மருத்துவ அறிஞர் அந்நோயின் இயல்பைத் தெளிவாக்கினர். இறைச்சியைப் பச்சையாகவும் அரைவேக்காட்டிலும் உண்ணும் வழக்கம் ஜேர்மனியில் இருந்தமையால் அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 1879 இல் இத்தாலியும், 1881 இல் பிரான்சும் அமெரிக்கப் பன்றியிறைச்சியைத் தடைசெய்தன. பிஸ்மாக் தலைமையிலிருந்த ஜேர்மன் அரசு 1880 இல் ஒரு பகுதியைத் தடுத்து, 1883 இல் முழுவதையும் தடுத்தது.

புழு இருந்தது உண்மை. அத்தடைகள் உள்நாட்டுக் கமக்காரரைக் காத்தன என்பதும் உண்மை. இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிதன்று என்பதே அவ்வழக்கின் சிக்கல். ஈற்றில் அமெரிக்க அரசு இரு வழிகளைக் கையாண்டது. 1890 இலும் 1891 இலும் இறைச்சிப் பரிசோதனைச் சட்டங்களை இயற்றி, ஏற்றுமதியாகும் பன்றியிறைச்சியை நுணுக்குக்காட்டியால் சோதிக்க ஏற்பாடு செய்தது. அதனுடன், 1890 இன் தீர்வைச் சட்டத்தின்படி ஜேர்மன் பீற்றுச் சீனிக்குத் தீர்வை விதிக்கும் அதிகாரம் சனாதிபதிக்கு உண்டென்பதையும் உணர்த்தியது. 1891 இல் சரற்றோகாவில் உடன்பாடு ஏற்பட்டது. ஜேர்மனி தடையை நீக்கியது. சீனி தடையின்றிச் சென்றது. பன்றியிறைச்சி வழக்கைத் தீர்த்ததில் நுணுக்குக்காட்டிக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு சீனிக்கும் உண்டு. ஒரு பண்டத்தின்மீது தொடுக்கப்படும் வழக்கு வேறொரு பண்டத்தால் முடிவுறுதல் இவ்வாணிகத்தில் பின்னரும் பலகாற் காணப்படுவது.

அடைக்கப்பட்ட கதவும் திறந்த வழியும்

ஜேர்மனியின் தடைகள் அமெரிக்கருடன் நின்றுவிடவில்லை. 1887 இல் டென்மார்க்குப் பன்றிகளுக்கும் அதன் கதவு அடைபட்டது. உயிர்ப்பன்றிகளை ஜேர்மனிக்கு ஓட்டிச்சென்று விற்று வந்த டேனியக் கமக்காரர், இனிப் பன்றியைத் தம் ஊரிலேயே வெட்டிப் பதப்படுத்தி இங்கிலாந்துக்கு அனுப்ப வேண்டியவராயினர். அதற்கு ஆலை வேண்டும். ஆலைக்கு முதல் வேண்டும். அதே 1887 ஆம் ஆண்டில் ஹோசென்சு நகரிலே கூட்டுறவுப் பன்றியிறைச்சி ஆலை நிறுவப்பெற்றது. பன்றியை வளர்ப்போரே ஆலைக்கு உடையராயினர். இலாபம் பங்காளரின் முதலுக்கு ஏற்பவன்றி, ஒவ்வொருவரும் கொணர்ந்த பன்றிக்கு ஏற்பப் பகிரப்பட்டது. அம்முறை நாடெங்கும் பரவியது. இங்கிலாந்தின் காலையுணவு மேசையில் டேனியப் பன்றியிறைச்சி நிலையான இடம் பெற்றதற்கு அதுவே அடிப்படை.

சேர்பியாவின் வரலாறும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. கடற்கரையற்ற அச்சிறு நாடு தன் ஏற்றுமதியின் மிகப் பெரும் பகுதியை ஒஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசுக்கே விற்று வந்தது. அவ்வேற்றுமதியிற் பன்றி தலையாயது. சேர்பியா 1905 இல் பல்கேரியாவுடன் சுங்க ஒன்றியம் அமைக்க முற்பட்டதும், பீரங்கிகளை ஒஸ்திரியரிடம் வாங்காது பிரான்சிடம் வாங்க எண்ணியதும் வியன்னாவுக்குச் சினமூட்டின. 1906 இல் எல்லை அடைபட்டது. வரலாற்றில் ‘பன்றிப் போர்’ எனப் பெயர்பெற்ற வழக்கு இதுவே. பன்றியின்மீது விழுந்த அடி பீரங்கியின் பொருட்டு விழுந்ததாகும்.

சேர்பியா பணியும் என்று எண்ணினோர் ஏமாந்தனர். அந்நாட்டார் உள்நாட்டில் இறைச்சி ஆலைகளை நிறுவினர். சலோனிக்காத் துறைமுக வழியாகப் புதிய சந்தைகளைத் தேடினர். ஜேர்மனிக்கே நேராக விற்றனர். சில ஆண்டுகளில், ஒரே வாங்குவோனை நம்பியிருந்த நிலை நீங்கிற்று. ஆயின் அவ்வழக்கு விளைத்த பகை நீங்கவில்லை. 1908 இல் பொஸ்னியாவை ஒஸ்திரியா இணைத்துக் கொண்டபோது அது மேலும் முதிர்ந்தது.

டென்மார்க்கு, சேர்பியா ஆகிய இரண்டிடத்தும் ஓர் உண்மை புலப்படும். எல்லைக்கதவை அடைக்கும் ஆற்றல் அயலரசிடம் இருந்தது. பன்றியைப் பதப்படுத்தும் ஆலை தம்மிடம் இருந்தபோதே வளர்ப்போர் அவ்வடைப்பைத் தாங்கினர். ஆலையின் உடைமை எத்துணை முதன்மை வாய்ந்ததென்பது இதனாற் பெறப்படும்.

சிமித்துபீல்டுக் கம்பனியின் வளர்ச்சி

வேர்ஜினியா மாநிலத்திற் பேகன் ஆற்றங்கரையில் உள்ளது சிமித்துபீல்டு என்னும் சிற்றூர். உப்பிட்டுப் புகையூட்டிய பன்றித்தொடைக்கு அவ்வூர் நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. நிலக்கடலை விளையும் பகுதியில் வளர்ந்த பன்றியின் தொடை அவ்வூரிலேயே பதப்படுத்தப்பட்டாலன்றி அதற்குச் ‘சிமித்துபீல்டு’ என்னும் பெயர் வழங்கலாகாதென மாநிலச் சட்டமன்றம் 1926 இல் விதித்தது. பண்டம் ஊரோடும், ஊர் மண்ணோடும் பிணைந்திருந்த காலம் அது.

1936 இல் லூட்டர் குடும்பத்துத் தந்தையும் மகனும் அங்கு ஓர் இறைச்சிக் கம்பனியைத் தொடங்கினர். அடுத்தடுத்த தலைமுறையில் அது பிற கம்பனிகளை விழுங்கி வளர்ந்தது. 1992 இல் வட கரோலினாவின் தார் ஹீல் என்னுமிடத்தில் அது திறந்த ஆலை நாளொன்றுக்கு 30,000 பன்றிகளுக்கு மேல் வெட்டும் அளவுக்குப் பெருகி, உலகிலேயே பெரியதெனப் பெயர்பெற்றது. பின்னர், பன்றி வளர்க்கும் பெருநிறுவனங்களையும் அக்கம்பனி வாங்கியது. குட்டியீனும் கொட்டில் முதல் கடைத்தட்டு வரை ஒரே உடைமைக்குள் வந்தது.

இம்முறையிற் கமக்காரரின் நிலை மாறியது. ஒப்பந்தப்படி பன்றியும் தீனியும் மருந்தும் கம்பனிக்குரியன. கொட்டிலும், கொட்டிலைக் கட்ட வாங்கிய கடனும், பன்றியின் மலசலமும் கமக்காரருக்குரியன. இலாபந்தரும் பொருள் ஒருவர் பக்கமும், சுமையாகும் பொருள் மற்றவர் பக்கமுமாகப் பிரிந்தன. டென்மார்க்கில் 1887 இல் தொடங்கிய முறைக்கு இது நேர்மாறானது என்பது வெளிப்படை.

சிமித்துபீல்டுக் கம்பனியும் பிறநாடுகளில் ‘அயல்நாட்டு உடைமையாளன்’ ஆயிற்று என்பதை மறத்தலாகாது. 1999 இல் போலந்தின் அனிமெக்சு கம்பனியையும், 2004 இல் ருமேனியாவிற் பன்றிப் பண்ணைகளையும் அது கைக்கொண்டது. அமெரிக்க முதலின் வருகையால் தம் சிறுபண்ணைகள் அழியுமென்று போலந்துக் கமக்காரர் கிளர்ந்தெழுந்தனர். பின்னாளில் அமெரிக்கக் கமக்காரர் சீன முதலைப் பற்றிக் கூறிய சொற்களுக்கும் அவர்கள் கூறிய சொற்களுக்கும் பெரிய வேறுபாடில்லை.

2013 ஆம் ஆண்டின் கொள்வனவு

சீனத்திற் பன்றிக்குள்ள இடம் தனிச்சிறப்பானது. வீடு என்று பொருள்படும் சீன எழுத்தே கூரையின்கீழ் நிற்கும் பன்றியின் வடிவினின்று அமைந்தது. உலகிலுள்ள பன்றிகளுள் ஏறத்தாழச் சரிபாதி அந்நாட்டில் உள்ளன. பன்றியிறைச்சியின் விலை உயர்ந்தால் மக்கள் மனம் குலையும் என்பதை உணர்ந்த அரசு, நெற்களஞ்சியம் போலப் பன்றியிறைச்சிக்கும் சேமிப்புக் களஞ்சியம் வைத்துப் பேணுகின்றது. ஆயின் பன்றிக்குத் தீனியாகும் சோயா அவரையை அந்நாடு பெரும்பாலும் கடல் கடந்தே பெறவேண்டியிருக்கிறது. தீனியை வாங்குவதினும் இறைச்சியையே வாங்குதல் நீரையும் நிலத்தையும் மிச்சப்படுத்தும் என்பது ஒரு கணக்கு.

சுவாங்குவிக் கம்பனி ஹெனான் மாகாணத்து லுவோஹெ நகரில் அரசுக்குரிய இறைச்சி ஆலையாக இருந்தது. 1984 இல் அதன் முகாமையாளரான வான் லொங் என்பார் அதனைச் சீனத்தின் முதன்மையான இறைச்சிக் கம்பனியாக வளர்த்தார். 2006 இல் அதன் அரசுப்பங்கு விற்கப்பட்டபோது வாங்கியோருள் நியூயோர்க்கின் கோல்ட்மன் சாக்ஸ் நிறுவனமும் ஒன்று. ஆகவே, ‘சீனக் கம்பனி’ எனப்பட்டதன் பங்காளருள் அமெரிக்கரும் இருந்தனர். 2011 இல், தசையைப் பெருக்கும் கிளென்பியூட்டரோல் என்னும் தடைசெய்யப்பட்ட மருந்து அக்கம்பனிக்கு வந்த பன்றிகளிற் காணப்பட்டதென்ற செய்தி சீன மக்களிடையே பெருங்கொதிப்பை விளைத்தது. நம்பத்தக்க பெயரும் முறையும் அக்கம்பனிக்குத் தேவைப்பட்டன.

2013 மே 29 இல் கொள்வனவுச் செய்தி வெளியாயிற்று. பங்கொன்றுக்கு 34 டொலராக, மொத்தம் 470 கோடி டொலர்; சிமித்துபீல்டின் கடனையும் சேர்த்தால் 710 கோடி டொலர். அதுகாறும் சீனர் வாங்கிய அமெரிக்கக் கம்பனிகளுள் அதுவே மிகப் பெரிது. அக்கம்பனியில் ஏறத்தாழ 46,000 பேர் வேலை செய்து வந்தனர். வேண்டிய பணத்தின் பெரும்பகுதியைச் சீன வங்கியின் தலைமையில் அமைந்த கடனும், அமெரிக்க வங்கியொன்றின் கடனுமே தந்தன.

அமெரிக்கச் செனற்றுச் சபையின் கமத்தொழிற்குழு ஜூலை 10 இல் இதனை விசாரித்தது. நாட்டின் உணவை அயலார் ஆளலாமா, அமெரிக்கர் உண்ணும் இறைச்சி சீனத்துக்குப் போய்விடுமா, அரிய தொழில்நுட்பம் கைமாறுமா என்னும் வினாக்கள் எழுந்தன. இத்தகைய கொள்வனவை ஓர் அமெரிக்கக் கம்பனி சீனத்திற் செய்ய இடங்கொடுப்பார்களா என்னும் வினாவும் எழுந்தது. சீனத்திலிருந்து இறைச்சி வாராது, அமெரிக்க இறைச்சியே அங்கு செல்லும், கமக்காரருக்குச் சந்தை பெருகும் என்று கம்பனித் தலைவர் விடை கூறினார். அயல்நாட்டு முதலீடுகளை நாட்டுப் பாதுகாப்பு நோக்கில் ஆராயும் அமெரிக்க அரசுக் குழு 1975 இல் அமைக்கப்பட்டது. அதன் விசாரணை மறைவிலேயே நடக்கும். அக்குழு 2013 செப்டெம்பரில் இசைவளித்தது. அம்மாதம் 26 இல் கொள்வனவு நிறைவேறிற்று. வாங்கிய கம்பனி 2014 இல் டபிள்யூ. எச். குழுமம் எனப் பெயர் மாறி, ஹொங்கொங் பங்குச்சந்தையிற் புகுந்தது.

கம்பனியுடன் அதற்குரிய நிலமும் கைமாறியது. அயல்நாட்டார் கமநிலம் வாங்கினால் அரசுக்கு அறிவிக்க வேண்டுமென 1978 இல் அமெரிக்கச் சட்டம் விதித்தது. வாங்குதலைத் தடுப்பதும் விடுப்பதும் மாநிலங்களின் பொறுப்பு. அயலார்க்குக் கமநிலத்தை மறுத்திருந்த மிசூரி மாநிலம், கொள்வனவு நடந்த அதே 2013 இல், மாநிலக் கமநிலத்தில் நூற்றுக்கு 1 வீதம் வரை அவர்கள் வைத்திருக்கலாமெனச் சட்டத்தைத் தளர்த்திற்று. அத்தளர்வைப் பற்றிய வாதம் அங்கு நெடுங்காலம் ஓயவில்லை. ஆயினும் 2021 இன் இறுதியில் அமெரிக்காவில் அயல்நாட்டார் கையிலிருந்த கமநிலம் அனைத்திலும் சீனருக்குரியது நூற்றுக்கு ஒன்றிலும் குறைவே. நிலத்தின் அளவைவிட அச்சத்தின் அளவு பெரிதாயிருந்தது.

உடைமை கடந்தது, எல்லை கடக்கவில்லை

இனி, அஞ்சியவற்றுள் நடந்தது யாதென நோக்கலாம். இறைச்சி அனைத்தும் சீனத்துக்குச் சென்றுவிடும் என்பதே முதல் அச்சம். ஐந்தாண்டு கழியுமுன் அதற்கு மாறான நிலை தோன்றியது. அமெரிக்க அரசு நாட்டுப் பாதுகாப்பைக் காரணங்காட்டி அயல்நாட்டு உருக்குக்கும் அலுமினியத்துக்கும் தீர்வை விதித்தது. அதற்கு எதிராக 2018 ஏப்பிரலிற் சீனம் அமெரிக்கப் பன்றியிறைச்சிமீது நூற்றுக்கு 25 வீதம் மேலதிகத் தீர்வை சுமத்தியது; ஜூலையில் மேலும் 25 வீதம் கூட்டியது. முன்பிருந்த 12 வீதத்தோடு உறைந்த இறைச்சிக்கு 62 வீதமாயிற்று. 2019 செப்டெம்பரில் 72 வீதத்தை எட்டியது.

இத்தீர்வை, சீனருக்கு உரியதாகிய சிமித்துபீல்டின் இறைச்சிக்கும் விலக்களிக்கவில்லை. உடையவர் சீனர், வாங்குவோர் சீனர், தடுத்ததும் சீன அரசே. பங்குப்பத்திரம் பசிபிக் சமுத்திரத்தை ஒரு கையொப்பத்தாற் கடந்தது. இறைச்சிப் பெட்டியோ துறைமுகத்திலே தடையுண்டது. முதலுக்கு நாடில்லை என்பார் கூற்று எவ்வளவுக்கு உண்மையோ, பண்டத்துக்கு நாடுண்டு என்பதும் அவ்வளவுக்கு உண்மை. உருக்கின் வழக்கிற் பன்றி அடிபட்டமை, பீரங்கியின் வழக்கிற் சேர்பியப் பன்றி அடிபட்டதை ஒத்தது.

அவ்வேளையிற் பிறிதோர் ஆற்றல் குறுக்கிட்டது. 2018 ஓகஸ்டிற் சீனத்தின் வடகிழக்கே சென்யாங் நகரில் ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சல் காணப்பட்டது. மருந்தில்லாத அந்நோய் ஓராண்டிற்குள் நாடெங்கும் பரவியது. பன்றித் தொகை பெருமளவு குன்றியது. 2019 இல் இறைச்சி விலை இருமடங்குக்கு மேல் ஏறியது. தீர்வை உயர்ந்திருந்தும் அமெரிக்க இறைச்சி சீனத்துக்குப் பெருகிச் சென்றது. சிமித்துபீல்டு ஊரின் ஆலையே சீனச் சந்தைக்கேற்பத் திருத்தப்பட்டது. 2020 ஜனவரியில் இரு அரசுகளும் உடன்பாட்டின் முதற்பகுதியிற் கையொப்பமிட்டன.

2020 ஏப்பிரலிற் கொரோனாத் தொற்று இறைச்சி ஆலைகளிற் பரவியபோது, தென் டக்கோட்டாவின் சூ போல்சு நகரத்து ஆலை நோயாளரின் பெருக்கத்தால் மூடப்பட்டது. நாட்டில் இறைச்சிக்குத் தட்டுப்பாடு வருமெனத் தொழில்துறையினர் எச்சரித்த அதே காலத்தில் சீனத்துக்கு ஏற்றுமதியும் மிக்கிருந்தது. 2013 இன் அச்சம் மெய்த்துவிட்டதெனப் பலர் கூறினர். ஓரளவில் அது பொருந்தும். ஆயின் அமெரிக்கர் உடைமையிலிருந்த பிற இறைச்சிக் கம்பனிகளும் அக்காலத்தில் அவ்வாறே ஏற்றுமதி செய்தன. விலை எங்கு உயர்கின்றதோ அங்கு பண்டம் ஓடும். உடையவரின் இனமும் நாடும் அவ்வோட்டத்தைப் பெரிதும் மாற்றவில்லை.

ஊரார் படும் பாடு

அயல்நாட்டு உடைமையைப் பற்றிய பேச்சு ஓங்கும்போது ஆலையைச் சூழ வாழ்வோரின் குறை மறைந்துபோதல் உண்டு. சிமித்துபீல்டுக் கம்பனி முற்றிலும் அமெரிக்கருக்கு உரியதாயிருந்த காலத்திலேயே, 1997 இல், தான் பிறந்த ஊரின் பேகன் ஆற்றை மாசுபடுத்தியமைக்காக நீதிமன்று அதன்மீது 126 இலட்சம் டொலர் தண்டம் விதித்தது. தார் ஹீல் ஆலைத் தொழிலாளர் தொழிற்சங்கம் அமைக்க ஏறத்தாழப் பதினைந்தாண்டு போராடி 2008 இலேயே வெற்றி கண்டனர். அவர்களை எதிர்த்துநின்றது அவர்தம் நாட்டு முதலே.

வட கரோலினாவின் கிழக்குப் பகுதியிற் பன்றிக் கழிவு திறந்த குட்டைகளிற் தேக்கப்பட்டு, வயல்களில் விசிறப்படுகின்றது. அந்நாற்றத்துள் வாழ்வோருட் பெரும்பாலார் எளிய மக்கள், கறுப்பினத்தவர் பலர். அவர்கள் தொடுத்த வழக்குகளில் 2018 ஏப்பிரலில் யூரர் பத்துப் பேருக்கு 5 கோடி டொலருக்கு மேற்பட்ட நட்டஈடு விதித்தனர்; மாநிலச் சட்டத்தின் உச்சவரம்பு காரணமாக அது 32 இலட்சத்து 50 ஆயிரமாகக் குறைந்தது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்று கம்பனியின் பொறுப்பை உறுதிசெய்தது. அதன்பின் கம்பனி அயலாருடன் இணக்கத்துக்கு வந்தது.

வழக்குகள் நடந்த காலத்திற் கம்பனி சீனருக்குரியது. குட்டைகளை வெட்டியபோதோ அது அமெரிக்கருக்குரியது. குட்டைக்கு அருகே உலர்த்தும் துணியில் ஏறும் நாற்றத்துக்கு உடைமை மாறியமை தெரியாது. உடைமையாளர் நெடுந்தொலைவிலிருப்பின் முறையிடுவது கடினம் என்பது மெய்யே. ஆயின் ஊராரின் முறையீட்டைக் கேளாத உடைமையாளர், அடுத்த தெருவில் வாழினும் தொலைவில் உள்ளவரே ஆவர்.

கூட்டுறவும் எல்லையும்

கூட்டுறவு உடைமையே எல்லாத் தீமைக்கும் மருந்தென்று முடிவு செய்தலும் பொருந்தாது. டேனியக் கூட்டுறவுகள் ஒன்றிணைந்து இன்று டேனிஷ் கிரௌன் என்னும் பெருநிறுவனமாய் வளர்ந்துள்ளன. கமக்காரரே அதற்கு உடையர். எனினும் கூலி குறைவென்று வெட்டுவேலையின் ஒரு பகுதியை ஜேர்மனிக்கு மாற்றியபோது வேலையிழந்தோர் டேனியத் தொழிலாளரே. அன்றியும், ஐரோப்பிய ஒன்றியம் சீன மின்மோட்டார் வண்டிகளுக்குத் தீர்வை விதிக்க முற்பட்டபோது, 2024 ஜூனிற் சீனம் ஐரோப்பியப் பன்றியிறைச்சி மலிவிலே குவிக்கப்படுகின்றதா என விசாரணை தொடங்கிற்று. 2025 செப்டெம்பரில் நூற்றுக்கு 15.6 முதல் 62.4 வீதம் வரை இடைக்காலத் தீர்வை விதித்து, டிசெம்பரில் அதனை 4.9 முதல் 19.8 வீதம் வரையெனக் குறைத்து முடிவாக்கியது. வண்டியின் பொருட்டு எழுந்த பூசலிற் பன்றி வளர்ப்போர் மீண்டும் பணயமாயினர். கூட்டுறவாயினும் தனியுடைமையாயினும் எல்லையில் நிற்கும் தீர்வை அதிகாரி வேற்றுமை பாராட்டுவதில்லை.

சிமித்துபீல்டும் 2025 ஜனவரியில் நியூயோர்க்கின் நாஸ்டாக் பங்குச்சந்தையிற் பங்கொன்று 20 டொலராக மீண்டும் புகுந்தது. அப்போதும் பங்குகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 93 வீதம் டபிள்யூ. எச். குழுமத்திடமே இருந்தது. அவ்வாண்டில் அமெரிக்காவும் சீனமும் தீர்வைகளை மாறிமாறி உயர்த்திப் பின்பு தணித்தன. பன்றியிறைச்சி அப்பட்டியலில் மீண்டும் இடம்பெற்றது.

முடிவாக, இவ்வாணிகத்தில் மூன்று ஆற்றல்களை வேறுவேறாகக் காணுதல் வேண்டும். ஆலையும் பன்றியும் யாருடையன என்பது ஒன்று. எல்லைக்கதவு யார் கையில் என்பது இன்னொன்று. கடன், கழிவு, நோய், வேலையிழப்பு ஆகியவற்றை யார் சுமப்பர் என்பது மூன்றாவது. 2013 இல் முதலாவதைப் பற்றியே பெரிதும் பேசினர். 2018 இல் தீர்வை ஏறியபோது இரண்டாவதன் வலிமை வெளிப்பட்டது. மூன்றாவதை வட கரோலினாவின் ஊரார் நீதிமன்றிலே தாமே எடுத்துரைக்க வேண்டியதாயிற்று.

அயலார் முதலை வரவேற்கும் நாடும், அதனை மறுக்கும் நாடும் இவ்வேறுபாட்டை உணர்தல் நன்று. உடையவர் எந்நாட்டார் என வினவுவது தவறன்று; அதனோடு நின்றுவிடுவதே தவறு. ஒப்பந்தத்திற் கமக்காரருக்கு உரிய பங்கு யாது, கழிவுக்குப் பொறுப்பாளர் யார், தொழிலாளர் ஒன்றுகூடிப் பேச இடமுண்டா, ஒரே வாங்குவோனை நம்பியிருக்கும் நிலை நீங்க வழியுண்டா என்பனவும் வினவப்படல் வேண்டும். அவ்வினாக்களுக்கு விடை பெற்றுக்கொண்ட நாட்டிலே, உடைமை பின்னர் எவர் கைக்கு மாறினும், ஊரும் உழைப்போரும் நிலைகுலையார்.